எப்போது திறப்பீர்கள் என்று கேட்டது குற்றமா?

2021 ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இருக்கும் டிஸ்னிலேண்ட் பார்க் திறந்துவிட்டது. கொரோனாவால் 2020 மார்ச் 14 அன்று மூடிய கேட், 412 நாள் கழித்துத் திறந்திருக்கிறது. சந்தோஷத்தில் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். உடனே உள்பெட்டியில் திட்டு. "ஊரில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போகிறது, உங்களுக்கு ராட்டினம் சுற்றணுமா?" என்று நெருங்கிய நண்பர் ஒருவரே கேட்டுவிட்டார்.

அவர் கோபம் நியாயமானது. இந்தியாவில் ஒரே நாளில் நாலு லட்சம் பேருக்குத் தொற்று என்று செய்தி வந்த வாரம் அது. ராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே கை நடுங்கியது. ஆனாலும், பார்க் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை எல்லாம் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மூடியது சரி. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். 1955 ஜூலை 17இல் தொடங்கிய இடம் அது. கென்னடி கொல்லப்பட்டபோதும், 1994 நிலநடுக்கத்தின்போதும், 2001 செப்டம்பர் 11 அன்றும் மூடியிருக்கிறார்கள். திடீரென மூடுவது அவ்வளவு அபூர்வம். அப்படிப்பட்ட இடத்தை மாதக்கணக்கில் பூட்ட வேண்டி வந்தது என்றால் நிலைமை அப்படி. 2020 ஜூலை 17, அறுபத்தைந்தாவது பிறந்தநாளன்று திறக்கலாம் என்று டிஸ்னி திட்டம் போட்டது. இன்னும் பாதுகாப்பு போதாது என்று அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கங்களே, சுமார் 17,000 தொழிலாளர்கள் சார்பில், கலிஃபோர்னியா கவர்னர் நியூசமுக்குக் கடிதம் எழுதின. ஜூன் கடைசியில் அந்தத் திட்டம் தள்ளிப்போனது. நல்லதுதான்.

என் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது. பெரிய பார்க்குகள் எந்த நிலைமையில் திறக்கலாம், எத்தனை பேரை விடலாம், வரிசை எப்படி நிற்க வேண்டும் என்று கலிஃபோர்னியா அரசு விதிமுறை வெளியிட்டது அக்டோபர் 20 அன்று. ஜூன் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலு மாதம். முடிதிருத்தும் கடைக்கு விதி வந்தது, ஜிம்முக்கு வந்தது, ரெஸ்டாரன்ட்டுக்கு வந்தது, சர்ச்சுக்கும் கோயிலுக்கும் வந்தது. இதற்கு மட்டும் "பார்க்கலாம், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில்தான். "இந்த எண்ணிக்கைக்குக் கீழே தொற்று குறைந்தால் திறக்கலாம், அதுவரை முடியாது" என்று சொல்லியிருந்தால், அந்த எண்ணிக்கை எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஃப்ளோரிடா மாதிரி திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2020 ஜூலை 11இல் திறந்தது. மறுநாள் அந்த மாநிலத்தில் 15,299 பேருக்குப் புதிதாகத் தொற்று என்று கணக்கு வந்தது. அதுவரை எந்த அமெரிக்க மாநிலமும் ஒரே நாளில் கண்டிராத எண்ணிக்கை. அந்த நேரத்தில் அந்த முடிவை நான் எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் ஆசியாவைப் பாருங்கள். ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 ஜனவரியில் மூடி மே 11இல் திறந்தது. அரசு 30 சதவீதம் வரை கூட்டம் விடலாம் என்றது, அவர்கள் அதற்கும் கீழேதான் தொடங்கினார்கள். ஹாங்காங்கில் ஜூன் 18இல் திறந்தார்கள், தொற்று ஏறியதும் ஜூலை 15இல் மூடினார்கள், செப்டம்பரில் திறந்தார்கள், டிசம்பரில் மறுபடி மூடினார்கள், 2021 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஜப்பானில் பொழுதுபோக்குப் பூங்காக்களின் சங்கங்களே கூடி விதி எழுதின. ரோலர் கோஸ்டரில் கத்த வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. ஃபுஜி-க்யூ ஹைலேண்ட் என்ற பூங்காவின் நிர்வாகிகள் இருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு, சத்தமே போடாமல் ரோலர் கோஸ்டரில் போய் வந்து, "மனசுக்குள் கத்திக்கொள்ளுங்கள்" என்று வீடியோ போட்டார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. எனக்கு அதைப் பார்த்து மரியாதைதான் வந்தது. விதியை எழுதி, தாங்களே கடைப்பிடித்துக் காட்டி, அப்புறம் ஜனங்களைக் கூப்பிட்டார்கள்.

சரி, அக்டோபர் 20இல் ஒருவழியாக விதி வந்தது. கலிஃபோர்னியா கவுண்டிகளை (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), தொற்று அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை, ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நாலு நிறமாகப் பிரித்திருந்தது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சின்ன பார்க்குகள் ஆரஞ்சு நிறம் வந்தால் 25 சதவீதம் அல்லது 500 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேருடன் திறக்கலாம். பெரிய பார்க்குகள் மஞ்சள் வந்தால்தான். மஞ்சள் என்றால் லட்சம் பேரில் ஒரு நாளைக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொற்று, சோதனைகளில் 2 சதவீதத்துக்கும் குறைவாகப் பாசிட்டிவ். முப்பது லட்சம் பேர் வாழும் எங்கள் கவுண்டி, டிஸ்னிலேண்ட் இருக்கும் கவுண்டி, தடுப்பூசி இல்லாமல் அந்த அளவுக்கு இறங்கும் என்று யார் நம்பியிருப்பார்கள்?

அப்போது எங்கள் கவுண்டி சிவப்பில் இருந்தது. சிவப்பில் ஷாப்பிங் மாலுக்குள் பாதிக் கூட்டம் வரை விடலாம். ரெஸ்டாரன்ட்டுக்குள் 25 சதவீதம் பேர் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி வைத்துச் சாப்பிடலாம். திறந்த வெளியில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆறடி தள்ளி நின்று ராட்டினம் ஏறக் கூடாது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். "தடுப்பூசி வரும்வரை பெரிய பார்க் கிடையாது" என்பதுதான் அரசின் எண்ணம் என்றால் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நிர்வாகமும் தொழிலாளியும் அதற்கேற்ப வாழ்க்கையைத் திட்டமிட்டிருப்பார்கள்.

திட்டமிட முடியாமல் போனவர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும். நாங்கள் இருப்பது கார்டன் குரோவ் பக்கம். டிஸ்னிலேண்ட் எங்களுக்குப் பக்கத்து ஊர். சீசனில் ராத்திரி ஒன்பதரைக்கு வாணவேடிக்கை தொடங்கினால் சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் இந்தப் பகுதியே வாழ்கிறது. அனஹைம் நகராட்சியின் வருமானத்தில் பெரும்பங்கு ஓட்டல் வரி. ஹார்பர் புலவார்டில் வரிசையாக இருக்கும் மோட்டல்கள், பான்கேக் கடைகள், ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்டுகிறவர்கள், மாநாட்டு மையத்தில் மேஜை துடைக்கிறவர்கள் எல்லாருக்கும் சோறு அந்தக் கேட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ் வீட்டில் இருக்கும் அம்மா மெக்சிகோவிலிருந்து வந்தவர். பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, பல வருஷ அனுபவம். 2020 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "பார்க் திறந்ததும் கூப்பிடுகிறோம்" என்றார்கள். அதனால் அவர் வேறு வேலைக்குப் போகவில்லை. ஜூலை என்று நம்பினார், அது போனது. பள்ளி விடுமுறை முடிந்ததும் என்று நம்பினார், அதுவும் போனது. நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை என்று நம்பினார். ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு யாரிடமாவது கைமாற்று. ஹோண்டா சென்டர் அரங்கத்தின் பார்க்கிங்கில் உணவு வங்கி காரிலேயே மளிகைப் பெட்டி வைத்து அனுப்பியது, அந்த வரிசையில் அவருக்காக என் மனைவியும் காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கார்கள். அடுத்த வருஷம் வசந்த காலத்துக்கு முன்னால் திறக்காது என்று ஜூலையிலேயே யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், ஏதாவது கிடங்கு வேலைக்காவது போயிருப்பார். அவரே அப்படித்தான் சொல்கிறார்.

டிஸ்னி இதில் ஒன்றும் புனிதர் இல்லை. செப்டம்பர் 29 அன்று பார்க் பிரிவில் 28,000 பேரை வேலையைவிட்டு அனுப்புவதாக அறிவித்தார்கள். அதில் 67 சதவீதம் பகுதிநேர ஊழியர்கள், அதாவது ஏற்கனவே குறைவாகச் சம்பாதிக்கிறவர்கள். அறிவித்த கையோடு கலிஃபோர்னியா அரசு மீது பழியையும் போட்டார்கள். அரசு பிடிவாதம் பிடித்தது உண்மை. ஆனால் திறந்திருந்த ஃப்ளோரிடாவிலும் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பினார்களே, அதற்கு யார் மேல் பழி?

எங்கள் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் டிஸ்னிலேண்ட் கட்டாயம். பையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், சாயந்திரம் ஆர்ட்டீசியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். என் அப்பா அம்மா 2020 பிப்ரவரியில் வந்தார்கள். வெயில் வரட்டும், பேத்திக்கு லீவு விடட்டும் என்று மார்ச் கடைசிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான், 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் ஏற வேண்டும். வீடியோவில் பார்த்துவிட்டு, "தேசம் தேசமாகப் பொம்மை வைத்திருக்கிறார்கள், நம்ம கொலு மாதிரியே இருக்கு" என்றாள். ஜூலையில் விசா முடியும் நேரத்தில் கொரோனா காலத்தில் இந்திய அரசு இயக்கிய வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ போய் ஏற்றிவிட்டு வந்தோம். அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நவம்பரில், டிஸ்னிலேண்டை ஒட்டியே இருக்கும் டிஸ்னியின் இன்னொரு பார்க்கான கலிஃபோர்னியா அட்வென்சரின் புவேனா விஸ்டா தெருவை மட்டும் கடை, சாப்பாட்டுக்காகத் திறந்தபோது மகளைக் கூட்டிப் போனேன். வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். கார்த்தே சர்க்கிள் வரைக்கும்தான் நடக்கலாம். அதற்கு அந்தப் பக்கம் ஆள் அரவம் இல்லை. தூரத்தில் நின்றுபோன ராட்டினத்தைக் காட்டி, "அது எப்பப்பா சுத்தும்?" என்று கேட்டாள். சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் யாரிடமும் இல்லை.

டிசம்பரும் ஜனவரியும் எப்படி இருந்தன என்று நான் மறக்கவில்லை. தெற்கு கலிஃபோர்னியாவில் ஐசியூ இடம் பூஜ்யம் சதவீதம் என்று அறிவித்த நாட்கள் அவை. அக்டோபரில் திறந்திருந்தால் நவம்பர் நடுவிலேயே மூட வேண்டி வந்திருக்கும், எங்கள் கவுண்டி மறுபடி ஊதாவுக்குப் போய்விட்டது. மூடியிருப்பார்கள், அதில் என்ன? ஹாங்காங்கில் மூடித் திறந்து மூடித் திறக்கவில்லையா? காரணம் தெரிந்தால் ஜனங்கள் கேட்பார்கள். டிஸ்னிலேண்டின் டாய் ஸ்டோரி பார்க்கிங்கில் ஜனவரியில் தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நிமிஷத்தில் இடங்கள் நிரம்பின. பொறுப்பில்லாத ஜனங்களா அங்கே வந்து வரிசையில் நின்றார்கள்?

2021 மார்ச் 5இல் அரசு விதியை மாற்றியது. சிவப்பு என்றால் 15 சதவீதம், ஆரஞ்சு என்றால் 25, மஞ்சள் என்றால் 35. ஏப்ரல் 1 முதல் திறக்கலாம், கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அவ்வளவுதான், அடுத்த எட்டு வாரத்தில் எல்லாமே நடந்துவிட்டது. ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள், டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று ஆன்லைன் வரிசையில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தோம். அந்த மாதிரிக் காத்திருப்பில் யாருக்கும் வருத்தம் இல்லை, முன்னால் எத்தனை பேர் என்று ஓரளவு தெரிந்தது. தடுப்பூசி வந்ததால்தான் விதி தளர்ந்தது என்பதை ஏற்கிறேன். இத்தனை பேருக்கு ஊசி போட்டால் இத்தனை சதவீதம் என்று அக்டோபரிலேயே எழுதி வைத்திருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

திறந்த அதே ஏப்ரல் 30இல் அமெரிக்க அரசின் இன்னொரு அறிவிப்பும் வந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மே 4 முதல் தடை, குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் சிலருக்கும் மட்டும் விலக்கு. விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு வழி இல்லாமல் போனது. ஊரில் நடந்ததைப் பார்த்துத் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முடிவுத் தேதி போடவில்லை, தொற்று எந்த அளவுக்குக் குறைந்தால் விலக்குவோம் என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் நடந்ததை மறுபடி நாடு முழுக்கச் செய்தார்கள். அந்த முறை காத்துக் கிடந்தது மரணப் படுக்கையில் இருந்த பெற்றோரும் பிரசவத்துக்குத் துணை இல்லாத மகள்களும். எங்கள் தொகுதியின் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினருக்கு நான் ஒரு மெயில் போட்டேன். தடையை எடுங்கள் என்று கேட்கவில்லை, எந்தக் கணக்கு வந்தால் எடுப்பீர்கள் என்றுதான் கேட்டேன்.

கடைசியாக, இங்கே ஓட்டல், ஏர்போர்ட் பக்கம் வேலை போனவர்களைப் பற்றி ஒன்று. 2021 ஏப்ரல் 16 அன்று எஸ்.பி. 93 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். 50 அறையும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்கள், ஏர்போர்ட் சேவைகள், மாநாட்டு மையங்கள் போன்ற இடங்களில் கொரோனாவால் வேலை இழந்தவர்களை, அந்த வேலை திரும்ப வரும்போது சீனியாரிட்டிப்படி முதலில் கூப்பிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். பதில் சொல்ல ஐந்து வேலை நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னது. கீழ் வீட்டு அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. சனிக்கிழமை உட்கார்ந்து அவருடைய பழைய சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தோம், திங்கள்கிழமை ஓட்டலுக்கு எடுத்துப் போனார்.