பாப் கிராம்ப்டனின் 41 ஆட்டங்கள்

பழைய கால்பந்து வீரர் பாப் கிராம்ப்டனைப் பற்றி ஒருவர், “1902 முதல் 1914 வரை இங்கிலாந்து அணியில் இருந்தும் கிராம்ப்டன் ஆடியது வெறும் 41 ஆட்டம், அப்படியானால் பாதி நேரம் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்” என்று எழுதியிருக்கிறார். எண் சரி, முடிவு தப்பு. அன்று இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு மூன்றே ஆட்டங்கள்தான்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. 1908லும் 1909லும் ஆஸ்திரியா, ஹங்கேரி பக்கம் போன சுற்றுப்பயணங்கள்தான் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் தவறவிட்டவை மிகக் கொஞ்சம்தான். இன்றைய வீரர் ஓராண்டில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுவதை வைத்து அவரை அளந்தால் எப்படி? அந்த 41ஐத் தாண்டுவதற்கு 1952இல் இன்னொரு இங்கிலாந்து வீரர் பில்லி ரைட் வர வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு உலகப் போர்கள் ஆட்டங்களை நிறுத்தியது உண்மைதான், ஆனாலும் 38 ஆண்டுகள் நின்ற சாதனை அது!

அப்புறம், “1928இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணித்தலைவராக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார்” என்றும் எழுதப்பட்டிருக்கிறது. பிளாக்பர்ன் அவர் ஆடிய இங்கிலாந்துக் கழகம்; எஃப்.ஏ. கோப்பை என்பது அந்நாட்டுக் கழகங்களுக்கான வெளியேற்றுப் போட்டி. ஆனால் அப்போது கிராம்ப்டனுக்கு வயது 48! ஆட்டத்தை விட்டே எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதியாட்டத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணியை 3-1 என வென்ற பிளாக்பர்னுக்கு அவர் மேலாளர். ஆடிய காலத்தில் அவர் பிளாக்பர்னுக்காக லீக் பட்டம் இரண்டு முறை வென்றார், 1912லும் 1914லும். கோப்பை இறுதியாட்டத்தில் வீரராக ஒருமுறைகூட இறங்கவில்லை.