பைபிள் நூல்களை நைசீயா சங்கம் ஓட்டெடுத்துத் தேர்ந்ததா?

கி.பி. 325-இல் நைசீயாவில் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நூல்களான சுவிசேஷங்களில் எவை பைபிளில் இருக்கலாம் என்று ஓட்டெடுத்து முடிவு செய்தார் என்ற செய்தி திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அது உண்மையல்ல.

அந்தச் சங்கம், அதாவது ஆயர்களின் மாநாடு, இயற்றிய 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. எடுத்துப் படித்துப் பாருங்கள். குருக்கள் வட்டிக்குக் கொடுக்கக் கூடாது, ஆயர்கள் ஊர் விட்டு ஊர் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை நின்றபடி ஜெபிக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பைபிள் நூல்களின் பட்டியல் மட்டும் எங்குமே இல்லை. அங்கே பெரிதாக விவாதிக்கப்பட்டது, இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸ் என்னும் குருவின் போதனையும் ஈஸ்டர் தேதியும்தான்.

அப்புறம் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்ததும் போலியானவை கீழே போய்விட்டன என்று 9-ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. சங்கம் நடந்து ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியது அது! பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைக் கேலியாக எடுத்தாண்டு பரப்பினார்.

உண்மையில் நான்கு சுவிசேஷங்கள்தான் என்று லியோன் நகர ஆயர் இரேனேயு கி.பி. 180 வாக்கிலேயே வாதாடியிருக்கிறார். மற்ற சில நூல்கள்மீது சந்தேகம் நெடுநாள் நீடித்தது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட முதல் ஆவணமாக நமக்குக் கிடைப்பது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதம். அதாவது, நைசீயாவுக்கு 42 ஆண்டுகள் கழித்து.