பி.எஸ்சி. கணிதம் எடுத்தால் ஐஐடி கிடையாதா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பி.எஸ்சி. கணிதம் எடுத்தால் டீச்சர் வேலை மட்டும்தான். ஜேஇஇ எழுதாதவர்களுக்கு ஐஐடி கிடையாது." இரண்டுமே தவறு.

ஜேஇஇ, பிளஸ் டூ முடித்து பி.டெக். சேர்பவர்களுக்கானது. எம்.எஸ்சி. சேர ஐஐடிகள் ஜாம் என்ற தனித் தேர்வை நடத்துகின்றன. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் இறுதியாண்டு படிப்பவரும் எழுதலாம்; வயது வரம்பு இல்லை. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் கல்லூரியில் படிப்பவைதான். ஆனால் மனப்பாடம் கைகொடுக்காது, வினாத்தாளும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழிப் பிள்ளைகள் முதலாண்டிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் பயத்தை மட்டும் பரப்புவதுதான் வேதனை.

சரி, வேலை? ஆசிரியர் பணி அருமையான பணி. அதோடு வங்கி அதிகாரி தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதவும் இந்தப் பட்டம் போதும். யூபிஎஸ்சியின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு மட்டும் இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது அதில் முதுநிலை முடித்திருக்க வேண்டும். அதனால் சேரும்போதே துணைப்பாடம் எதுவென்று கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.