750 டாலரும் வாளித் தண்ணீரும்

பெரிய பதிவு இது. அவசரமாக இருப்பவர்கள் லைக்கைப் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து நான்கு மாதம் கழித்தும், எங்கள் ஊர் ஆஷ்வில்லில் யாரைப் பார்த்தாலும் ஒரே வசனம்: "அந்த நேரத்தில் யாரும் அரசியல் பார்க்கவில்லை." கேட்க இதமாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 26 வியாழக்கிழமை இரவு ஃபுளோரிடாவில் கரையேறிய புயல் அது. நாங்கள் இருப்பதோ வட கரோலினா மேற்கில், புளூ ரிட்ஜ் மலையில், 2,000 அடிக்கு மேலே. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரில் நான்கு மணி நேரம் போக வேண்டும். காலநிலை மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் குடியேற ஏற்ற ஊர் என்று சொல்லித்தான் இங்கே வீடு விற்றார்கள். எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. புயலுக்கு முன்பே இரண்டு நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஃபிரெஞ்ச் பிராட், ஸ்வனனோவா இரண்டு ஆறுகளும் 1916 வெள்ளத்தின் அளவைத் தாண்டிவிட்டன. மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

நாலாம் நாள் சிக்னல் கிடைத்து அம்மாவிடம் பேசினேன். பட்டுக்கோட்டைப் பக்கம், 2018 கஜாவில் தென்னை மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர். "மலையில கூடவாடி புயல் வரும்?" என்றார். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கரண்ட் வர 16 நாள் ஆயிற்று. அதைக்கூடச் சமாளித்துவிடலாம், குழாயில் தண்ணீர் இல்லாததுதான் ஆளைக் கொன்றது. எங்கள் தெருவில் ஒன்பது வீடு. எதிர்வீட்டு மூதாட்டியின் நிலத்தில் ஒரு சிற்றோடை இருக்கிறது. முதல் நாளே அவர் வேலிக் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வாளியோடு போகலாம். வாசலில் டிரம்புக்கு ஓட்டுக் கேட்கும் பலகை, அதைத் தாண்டித்தான் ஓடைக்கு வழி. என் வாசலில் ஹாரிஸ் பலகை இருந்தது, காற்று கொண்டுபோய்விட்டது. (எந்தக் குறியீடும் தேட வேண்டாம், சரியாக நடவில்லை.)

அந்தத் தெருவில் வாளியால் டாய்லெட் கழுவத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எல்லோரும் பின்னால் உள்ள தொட்டியின் மூடியைத் திறந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "தொட்டியை விடுங்கள், கிண்ணத்திலேயே ஊற்றுங்கள், கொஞ்சம் உயரத்திலிருந்து, ஒரே வீச்சாக, நிறுத்தாமல்" என்று வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டினேன். அரை வாளி போதும். அமெரிக்காவுக்கு வந்து பதினாறு வருடத்தில் என் படிப்புக்குக் கிடைக்காத மரியாதை அன்று அந்த அரை வாளிக்குக் கிடைத்தது. எதிர்வீட்டம்மா மட்டும், "ஹனி, நான் கழிப்பறையே இல்லாத வீட்டில் பிறந்தவள்" என்று சிரித்தார்.

இதைத்தான் "அரசியல் இல்லாத நாட்கள்" என்கிறார்கள். சரி. ஆனால் குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் வந்தது நவம்பர் 18 அன்று. 53 நாள். நார்த் ஃபோர்க் அணைக்கட்டிலிருந்து வரும் பிரதானக் குழாய்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன. 2004 வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, இனி இப்படி ஆகக் கூடாது என்று 25 அடி ஆழத்தில் புதைத்த மாற்றுக் குழாயும் போய்விட்டது. ஓடையும் வேலிக் கதவும் ஒன்பது வீட்டுக்குப் போதும். ஊருக்கு அணைக்கட்டும் குழாயும் இரவு பகலாக வேலை பார்க்கும் நகராட்சி ஆட்களும் வேண்டும், அதற்கு வரிப்பணம் வேண்டும். அதை யார் கொடுப்பது, எவ்வளவு, யார் தீர்மானிப்பது என்று கேட்டால் உடனே "இப்போது அரசியல் வேண்டாமே" என்கிறார்கள். பிறகு எப்போது பேசுவதாம்?

இனி அந்த 750 டாலருக்கு வருகிறேன். ஃபீமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் அமைப்பு, உடனடிச் செலவுக்கென்று அப்போது முதலில் தந்த தொகை அது. வீட்டுப் பழுதுக்கு, வாடகைக்கு எல்லாம் அதற்கு மேலும் உதவி கேட்கலாம். ஆனால் மலையெங்கும் பரவியது வேறு கதை: மொத்தமே 750தான், அதுவும் கடன், வாங்கினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஃபீமாவின் பணத்தை எல்லாம் சட்டவிரோதக் குடியேறிகளுக்குச் செலவழித்துவிட்டார்கள் என்று தேர்தல் மேடையிலேயே டிரம்ப் சொன்னார். வெள்ளத்தில் சிதைந்த சிம்னி ராக் என்ற ஊரை, அங்கே லித்தியம் தோண்டுவதற்காக அரசு வளைக்கப் போகிறது என்றார்கள். புயலையே அரசுதான் அனுப்பியது என்றும் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் பக்கத்து ரதர்ஃபோர்டு கவுண்டியில் ஃபீமா ஊழியர்களை மிரட்டியதாக ஒருவர் துப்பாக்கியோடு கைதானார். வீடு வீடாகப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள்.

எதிர்வீட்டம்மாவின் ஓடைக்கு மேலே ஒரு சிறு மரப்பாலம், அவர் கார் வெளியே வர அது ஒன்றுதான் வழி. பாலம் போய்விட்டது. "விண்ணப்பம் போடுங்கள்" என்றேன். "நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. "இதையெல்லாமா நம்புகிறீர்கள்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கத்தவில்லை. தன் அம்மா பிறந்த ஊரைச் சொன்னார். ஸ்வெயின் கவுண்டியில், இப்போது ஃபான்டானா ஏரி இருக்கும் பக்கம். 1940களில் போர்க்கால மின்சாரத்துக்காக மத்திய அரசு அங்கே அணை கட்டியது, குடும்பங்களை வெளியேற்றியது. மூழ்கிய சாலைக்குப் பதில் புதுச் சாலை போட்டுத் தருகிறோம், உங்கள் கல்லறைகளுக்கு வந்து போகலாம் என்று 1943இல் ஒப்பந்தம் போட்டது. சில மைல் போட்டார்கள், ஒரு சுரங்கப்பாதை தோண்டினார்கள், அத்தோடு சரி. ஊரில் அதற்குப் பெயரே 'எங்கும் போகாத சாலை'. 2010இல்தான் சாலைக்குப் பதிலாக 5 கோடியே 20 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், அதுவும் கவுண்டிக்கு. அவர் அம்மா தன் பெற்றோரின் கல்லறைக்குப் படகில்தான் போய் வந்தாராம்.

என் வாய் அடைத்துவிட்டது. அந்தப் பயத்தில் ஒரு பொய்யைப் பொருத்துவது எவ்வளவு சுலபம்! இட்டுக்கட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை. அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

எங்கள் தொகுதிக் குடியரசுக் கட்சி எம்.பி. சக் எட்வர்ட்ஸ், நான் ஒருநாளும் ஓட்டுப் போடாதவர், அக்டோபரில் வதந்திகளை வரிசையாக மறுத்து ஒரு கடிதம் வெளியிட்டார். புயலை யாரும் வரவழைக்க முடியாது என்பதையும் சேர்த்து. அதை அச்செடுத்து எதிர்வீட்டம்மா கையில் கொடுத்தேன். நான் சொன்னால் ஏறாதது அவர் கட்சிக்காரர் சொன்னதும் கொஞ்சம் ஏறியது. தீயணைப்பு நிலைய வாசலில்தான் அப்போது சிக்னல். காரில் உட்கார்ந்து என் போனில் விண்ணப்பத்தை நிரப்பினோம். 750 வந்தது. பாலத்துக்கு மறுத்துவிட்டார்கள், ஏதோ ஆவணம் போதாதாம். மேல்முறையீடு போட்டோம்.

நவம்பரில் இன்னொரு செய்தி. ஃபுளோரிடாவில் ஒரு ஃபீமா மேற்பார்வையாளர், டிரம்ப் பலகை உள்ள வீடுகளுக்குப் போகாதீர்கள் என்று ஊழியர்களிடம் சொன்னது வெளியே வந்து வேலை போனது. எதிர்வீட்டம்மா வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இப்போது என்ன சொல்கிறாய்?" சொல்ல என்ன இருக்கிறது? அசிங்கம் என்றேன், அதுதான் உண்மை.

டிசம்பரில் நடந்ததை அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. 'ஹெலீன் நிவாரணம்' என்ற பெயரில் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா. 130 பக்கத்துக்கு மேல், முதல் சில பக்கங்கள்தான் புயல். மீதியில் புதிதாக வென்ற ஆளுநர் ஸ்டைனின் அதிகாரங்களைப் பிடுங்கும் வேலை. தேர்தல் வாரியத்தை நியமிக்கும் உரிமையைத் தணிக்கை அதிகாரிக்கு மாற்றினார்கள், அந்தப் பதவியில் வென்றவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பதால். அப்போது பதவியில் இருந்த ஆளுநர் கூப்பர் தடுத்தார், அதையும் மீறி நிறைவேற்றினார்கள். முதலில் எதிர்த்து ஓட்டுப் போட்ட மேற்கு மலைப் பகுதி உறுப்பினர்கள் மூவர், கடைசி ஓட்டெடுப்பில் பணிந்துபோனார்கள். எங்கள் சேற்றை வைத்து இப்படி விளையாடினார்கள். இதற்கும் "அரசியல் வேண்டாம்" என்று சொன்னவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அரசியலில் என் பக்கம் நிற்பவர்களுக்கும் ஒன்று. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு நண்பர், தமிழர்தான், முற்போக்கு பேசுபவர்தான், எழுதினார்: "அவங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டாங்க, அனுபவிக்கட்டும்." எங்கள் பன்கம் கவுண்டியில் ஜெயித்தது ஹாரிஸ் என்று பதில் போடத்தான் முதலில் கை போனது. அப்புறம் அழித்துவிட்டேன். டிரம்ப் ஜெயித்த கவுண்டியாக இருந்தால் மட்டும் அந்த வாக்கியம் சரியாகிவிடுமா? அவரை நட்பிலிருந்து நீக்கவில்லை. இதைப் படிப்பார்.

2025 ஜனவரி 24 அன்று டிரம்ப் இங்கே வந்தார். ஃபீமாவை இழுத்து மூடிவிடலாம் என்று பேசினார். அன்று சாயங்காலம் எதிர்வீட்டம்மா கதவைத் தட்டினார். கையில் அந்த மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல், நாலாக மடித்தது.

"ஹனி, நிஜமாகவே மூடிவிடுவாரா?"

"தெரியவில்லை."

"அப்படியென்றால் என் பாலத்துக்கு நான் யாரிடம் சண்டை போடுவது?"

உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டேன். விண்ணப்ப எண்ணைத் தேடி மறுபடியும் ஃபீமா உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றது.