ஓட்டை டின் குழம்பு

போன ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு விருந்து வைத்தோம். வீட்டுக்கு ஒரு சட்டி. உங்கள் கைக்குப் பேர் வாங்கித் தந்த பதார்த்தம் எதுவோ, அதைச் சமைத்துக்கொண்டு வர வேண்டும். செய்முறையை ஒரு தாளில் எழுதிச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வேண்டியவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். நிபந்தனை அவ்வளவுதான்.

பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) மேசைகளை இழுத்துப் போட்டு அடுக்கிப் பார்த்தால் இருபத்திரண்டு சட்டிகள். அதில் ஏழு பிரியாணி. ஐந்து கோழிப் பிரட்டல், இரண்டு ஆட்டுப் பிரட்டல். ஒரு வீட்டிலிருந்து பாஸ்தா வந்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் எது மணக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி வீட்டு நெத்திலிச் சம்பலுக்காக அந்தக் காலத்தில் நான் வீட்டுப் பாடத்தையே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அவள் அன்றைக்குக் கொண்டுவந்தது பட்டர் சிக்கன்.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. என் சட்டியிலும் கோழிப் பிரட்டல்தான். என் கைக்கு உண்மையில் பேர் இருக்கிறதென்றால் அது டின் சார்டின் குழம்புக்குத்தான். என் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்தால் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் கேட்பது அதைத்தான். ஆனால் பத்து வீட்டார் பார்க்கும் மேசையில் டின் மீனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. "டின் மீனா கொண்டு வந்தா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

சரி, இது நம் எல்லாருக்கும் தெரிந்த வெட்கம்தான். அதோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு போன் வந்தது.

கிள்ளானிலிருந்து எங்கள் வரிசைக்கு மருமகளாக வந்த பெண். அன்றைக்கு மேசையில் தைரியமாகத் தோட்டத்துச் சமையலைக் கொண்டுவந்து வைத்த ஒரே சட்டி, எங்கள் தெருவில் மூத்த அக்கா ஒருவருடையது. மரவள்ளிக் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, நெத்திலி போட்ட குழம்பு. அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துப்போய்த் தாளைப் படம் எடுத்திருக்கிறாள். சந்தையில் ஒரு கட்டு பூச்சோக் உபி (மரவள்ளிக் கொழுந்து) வாங்கி, தாளில் இருந்தபடியே நறுக்கி, நேரே பாலில் போட்டு வேகவைத்திருக்கிறாள். "ஆண்ட்டி, ஒரே கசப்பா இருக்கு, ஒரு வாய் வெச்சேன், கொட்டிட்டேன். நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் தப்பு எதுவும் பண்ணவில்லை. தாளில் ஒரு வரி இல்லை. கொழுந்தை உரலில் இடித்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்ற வரி. மரவள்ளி இலையைக் கசக்கினாலும் நறுக்கினாலும் அதிலிருந்து சயனைடு வெளியே வரும். அது சீக்கிரம் ஆவியாகும், தண்ணீரிலும் கரையும். அதற்காகத்தான் உரல், அதற்காகத்தான் மூடி போடாமல் கொதிக்கவிடுவது, அதற்காகத்தான் தண்ணீரைக் கொட்டுவது. நம் பாட்டிமார்களுக்கு சயனைடு என்ற சொல் தெரியாது. ஆனால் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த போர்க்காலத்தில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வராமல் போய், கிழங்கும் கொழுந்துமே சாப்பாடு என்று ஆனபோது, எதைக் கொட்ட வேண்டும் எதைக் கொட்டக் கூடாது என்று தெரிந்துதான் அவர்கள் பிழைத்தார்கள்.

உடனே அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். "ஏங்க்கா, தண்ணியக் கொட்டணும்னு எழுதவே இல்லியே?"

"அது யாருக்குத் தெரியாது?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். ஏதோ அரிசியைக் கழுவ வேண்டும் என்று ஏன் எழுதவில்லை என நான் கேட்டதைப் போல.

அந்த ஒரு பதிலை நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். யாராவது நல்ல சமையலைத் தந்து அது நமக்கு வராமல் போனால், "ஏதோ ஒன்றை மறைத்துவிட்டாள்" என்று நாம் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், அதுவும் மாமியார் ஒருவரைப் பற்றி, பேர் வேண்டாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்கள் வேண்டுமென்றே மறைத்ததாக எனக்கு ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதுதான் தொலைகிறது. லயத்தில் அடுப்படிகள் வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டில் உரல் சத்தம் கேட்கும், எதிர் வீட்டு வாய்க்காலில் பச்சைத் தண்ணீர் ஓடும், அதைப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டன. இப்போது எல்லாம் மதில் வைத்த டெரஸ் வீடுகள். யார் என்ன தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

என் டின் குழம்புக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதற்கு 'ஓட்டை டின் குழம்பு' என்று பெயர். சின்ன வயதில் ஏன் என்று கேட்டதில்லை. பெயர்தானே.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948 ஜூன் 16 அன்று இந்த சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு, வாசலில் சோதனை. கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், பதுக்கி வைக்க முடியாது, யாருக்கும் கொடுத்தனுப்பவும் முடியாது. அதுதான் கணக்கு.

எங்கள் ஆயா (பாட்டி) சம்பள நாளில் ஒரு சார்டின் டின் வாங்குவார். ஓட்டை வழியே தக்காளிச் சாறு ஒழுகாமல் இருக்கக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே கடையிலிருந்து லயம் வரை நடந்து வருவாராம். அன்றைக்கு இரவே சமைத்தாக வேண்டும். அதுவும் அடுத்த நாள் பத்து மணி வரை தாங்குகிற மாதிரி சமைக்க வேண்டும், ஏனென்றால் மிச்சம்தான் காலையில் தூக்குச் சட்டியில் வேலைக்குப் போகும். எனவே புளி கொஞ்சம் தூக்கல், எண்ணெய் கொஞ்சம் தூக்கல், தேங்காய்ப்பால் கிடையாது. அந்தச் சுவையைத்தான் என் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர்கள் பிரிஜ் வைத்த வீட்டில் பிறந்தவர்கள்.

நம் தோட்டத்துச் சமையலில் பாதி இப்படித்தான். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல், பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. பெரட்டுக்குப் போவதற்கு முன் பசியாறலுக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் தேங்காய் துருவிப் பால் பிழிய யாருக்கு முடியும்? பிழிந்தாலும் வெயிலில் புளித்துவிடும். சம்பலும் கருவாடும் புளிக்குழம்பும் வேலை நாளுக்கு, பால் ஊற்றிய கறி ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது இப்படித்தான். இது தெரியாமல் செய்முறையை மட்டும் கொடுத்தால், "ஏன் இவ்வளவு புளிப்பு?" என்று புளியைக் குறைத்துவிடுவார்கள். குறைக்கட்டும். ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்கட்டும்.

இன்னொன்று. அன்றைக்கு மேசையில் இருந்த தாள்களில் பாதியில் "எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவிடவும்" என்று இருந்தது. நல்ல வாக்கியம்தான். சந்தையில் கண்ணெதிரே பிழிந்து வாங்கும் சந்தானில் (தேங்காய்ப்பாலில்) எண்ணெய் பிரியும். பெட்டியில் வரும் பாலில் திரியாமல் இருப்பதற்காகவே ஏதேதோ சேர்த்திருக்கிறார்கள், அதில் லேசில் பிரியாது. இளசுகள் பெட்டிப் பாலை ஊற்றிவிட்டு முக்கால் மணி நேரம் எண்ணெய் வரும் வரும் என்று நிற்பார்கள், குழம்பு வற்றிச் சட்டியின் அடியில் பிடிக்கும். அப்புறம் "எனக்குச் சமையல் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வராமல் என்ன? எந்தப் பால் என்று எழுதாதது நம் தப்பு.

கைப்பக்குவம் என்ற பேச்சும் எனக்கு இப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அளவு கேட்டால் "கண்ணளவுதான், கையளவுதான்" என்று சிரிக்கிறோம். எங்கள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். அவருடைய 'ஒரு கைப்பிடி' வெங்காயம் ஒருநாள் 60 கிராம், ஒருநாள் 85 கிராம். "என்னம்மா இது?" என்றால், "இன்னிக்கு வெங்காயம் ஈரமா இருக்குடி, வதங்குனா ஒண்ணுமே இருக்காது" என்கிறார். ஆக, கையளவு என்று ஓர் அளவே கிடையாது. வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்துப் போடுகிறார். இதைத்தான் எழுத வேண்டும்: இவ்வளவு போடு, ஈரமாக இருந்தால் கூடப் போடு. அரிசிக்கு மட்டும் அவர் அளவு மாறவே மாறாது, பால் டின்தான். ஆளுக்கு முக்கால் டின். அந்தத் துருப்பிடித்த டின்னை நான் மூன்று தடவை வீசிவிட்டேன், மூன்று தடவையும் அது அரிசிப் பானைக்குள் திரும்பி வந்துவிட்டது.

பிரியாணி கொண்டுவந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழில் இரண்டு அருமையாக இருந்தன, மூன்றாம் தட்டு போட்டுக்கொண்டேன். ஆனால் பிரியாணி எங்கேயும் போகாது. அதற்கு ஆயிரம் காணொளி இருக்கிறது, ஈப்போவில் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. மரவள்ளிக் கொழுந்தை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் நான்கு பேர். நால்வரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

அதனால் அடுத்த விருந்துக்கு நான் ஓட்டை டின் குழம்பைத்தான் கொண்டுவருகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். செய்முறையை இப்போதே இங்கே எழுதிவிடுகிறேன்.

425 கிராம் டின், தக்காளிச் சாறோடு உள்ளது. எங்கள் வீட்டில் சேவல் படம் போட்டதுதான். 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கம்பெனி அது, நம் ஆட்களுக்கு அது எப்போதும் 'கோழி மார்க்கு'. புளி கோலிக்குண்டு அளவு, அதற்கு மேல் வேண்டாம், தக்காளிச் சாறே புளிக்கும். அதை ஒன்றரைக் கிண்ணம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மீன் மசாலாத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, அதைத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். தூளை அப்படியே எண்ணெயில் கொட்டினால் கருகிவிடும், எங்கள் தலைமுறைக்கு இது சொல்லாமலே தெரியும், சொல்லிவிடுகிறேன். நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவக்க வேண்டும், கறுக்கக் கூடாது. கறுத்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், கசப்பு கடைசிவரை போகாது. கறிவேப்பிலை, எட்டுச் சின்ன வெங்காயம், ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, கட்டைவிரல் நீள இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் மூன்று. வதங்கியதும் மசாலாக் களியைப் போட்டு, பச்சை வாசம் போய் ஓரத்தில் எண்ணெய் தெரியும் வரை சின்னத் தீயில் கிளறுங்கள். இங்கே பால் இல்லை, அதனால் எண்ணெய் நிச்சயம் தெரியும். புளித்தண்ணீர், டின்னில் உள்ள சாறு, அப்புறம் டின்னைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிய அந்தத் தண்ணீரும். நீளமாக நறுக்கிய கத்தரிக்காய் இரண்டு. கத்தரிக்காய் வெந்தபிறகுதான் உப்பு பார்க்க வேண்டும், டின்னிலேயே உப்பு உண்டு. கடைசியில் மீன். அது ஏற்கனவே வெந்த மீன், நான்கு நிமிடம் போதும். முள்ளை எடுக்க வேண்டாம், கடித்தால் கரையும்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். எல்லாம் சரி என்பது போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"மீனப் போட்டப்புறம் கரண்டி போடக் கூடாதுன்னு எழுதுனியா?"

எழுதவில்லை.

"சட்டியோட ரெண்டு காதையும் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தணும். கரண்டி போட்டா மீனு கூழாப் போயிரும். அது யாருக்குடி தெரியாது?"