ஒக்டோபரில் நத்தார் மரம் விற்கிறவர்களே, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?

செப்டெம்பர் முடியவில்லை, ரொறன்ரோவின் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் நத்தார் மரம் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு வரிசையில் ஹலோவீன் மிட்டாய், அடுத்த வரிசையில் நத்தார் தாத்தா. நடுவில் தீபாவளி வந்தால் அதற்கு ஒரு மூலை. இலையுதிர் காலம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே ஐயா?

கடைக்காரருக்கு வியாபாரம், விடுங்கள். அந்த அவசரத்தை நாமும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் விடுமுறை. நிறம் மாறிய இலை பார்க்க அந்த ஒரு வாரக்கடைசி போதும் என்று ஊரே முடிவுகட்டி, ரொறன்ரோவுக்கு வடக்கே அல்கொன்குயின் பூங்காவின் 60ஆம் நெடுஞ்சாலையில் போய் ஊர்கிறது. அங்கே சர்க்கரை மேப்பிள் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் நாட்களிலும். ஒரு மழையும் காற்றும் அடித்தால் நீண்ட வாரக்கடைசிக்குள் பாதி மரம் மொட்டை. பிறகு "இந்த முறை கலர் சரியில்லை" என்று மரத்துக்குப் பழி! மரம் உங்கள் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தா இலை உதிர்க்கும்?

பச்சையம் சிதையும்போது, ஏற்கெனவே இலையில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அந்த வேளையில் இலைக்குள் தங்கும் சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால்தான் அது கொழுந்துவிட்டு எரியும். ஆகவே விடுமுறைத் தேதியை விட்டுவிட்டு வானிலையைப் பாருங்கள்.

மேப்பிள் கொட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த மடத்தனம். அதன் பிறகு வடக்கே அஸ்பென் மஞ்சளாகும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் சதுப்பு ஓரங்களில் டாமராக் பொன்னாகும். ஊசியிலை மரமாக இருந்தும் ஊசியை உதிர்க்கிற மரம் அது, அப்போது அங்கே கூட்டமும் இராது. ரொறன்ரோவுக்குள் வண்ணம் வருவதே ஒக்டோபர் நடுவிலும் கடைசியிலும்தான். ஹை பார்க் ஓக்குகளும் டொன் பள்ளத்தாக்கும் ரூஜ் பக்கமும் இருக்க, நான்கு மணிநேரம் காருக்குள் ஏன் வேகவேண்டும்? தெருவோர நோர்வே மேப்பிள் நவம்பர் வரை மஞ்சளாக நிற்கும். அதன் இலையில் தார் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளி இருந்தால் பதறாதீர்கள், அது ஒரு பூஞ்சை, மரம் சாகாது. கிங்கோ மரம் கடும் உறைபனி விழுந்த மறுநாளே மொத்த இலையையும் கொட்டிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

இன்னொன்று, நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு ஒரு மணிநேரம் பின்னால் போகிறது. அதன்பின் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வேலை முடிந்து வெளிச்சத்தில் நடக்கக் கிடைப்பது ஒக்டோபர் கடைசி இரண்டு வாரம். அதைத்தான் தள்ளுபடி விலை தேடிக் கடை கடையாகத் தொலைக்கிறோம்.

தோட்டத்துக்கும் இதுதான் வேளை. உள்ளிப் பல்லை ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் ஊன்ற வேண்டும்: கூர் மேலே, 5 முதல் 8 செ.மீ. ஆழம், 15 செ.மீ. இடைவெளி. முந்தினால் முளை உயர்ந்து குளிரில் கருகும், பிந்தினால் வேர் பிடிக்காது. வசந்தத்தில் நட்டால் போதுமான குளிர் கிடைக்காமல் பல்லாகப் பிரியாத ஒற்றைக் குண்டுதான் மிஞ்சும். விதைக்கு சுப்பர்மார்க்கட் உள்ளி வேண்டாம், உழவர் சந்தையில் உள்ளூர்க் கடினத்தண்டு (hardneck) இரகம் கேளுங்கள்.

உதிர்ந்த இலை முழுவதையும் காகிதப் பைக்குள் அடைத்து வீதியில் வைக்கிறவர்களே, புல்வெட்டியை அதன்மேல் இரண்டு தரம் ஓட்டுங்கள். துண்டானது மெல்லியதாகப் புல்லிலேயே கிடக்கட்டும், மிச்சம் உள்ளிப் பாத்திக்குப் போர்வை. வெட்டாத ஈர இலைதான் பாய்போல் ஒட்டிப் புல்லை மூச்சுத்திணற வைக்கும்.

வெளிக் குழாயில் ஹோஸைக் கழற்றாமலே கூரைக்கு மின்விளக்கு கட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், உள்ளே வால்வை மூடுங்கள், வெளியே குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விட்டு அப்படியே திறந்து வையுங்கள். தேங்கிய நீர் உறைந்து விரிந்து குழாயைச் சுவருக்குள் வெடிக்க வைக்கும், வசந்தத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் நிலக்கீழ் அறை நனைவது தெரியும்.

விளக்கு கட்டுவதை மட்டும் திட்ட முடியாது. ஏணியில் ஏறப் பனிக்கு முந்திய உலர்ந்த நாள்தான் பாதுகாப்பு. கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள். சுவிட்சை மட்டும் டிசம்பர் வரை தொடாதீர்கள்!