பூட்டிக் கிடந்தால் எந்தக் கட்டடமும் பிழைக்காது

அண்ணா சாலையில் பேருந்தில் போகும்போது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் வரும் இடத்தில் என் கண் தானாகவே சன்னல் பக்கம் திரும்பிவிடும். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்த செங்கல் கட்டடம் அது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் வந்து, 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் எல்.ஐ.சி.யின் சொத்தானது. 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது; 2010இல் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது.

அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நீதிமன்றத் தடை கடப்பாரையை நிறுத்துமே தவிர, மழையை நிறுத்தாது. ஒருநாள் இறங்கி எதிர்ப்புறம் நின்று பார்த்தபோது, பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தின் மேல்விளிம்பில் ஓர் அரசங்கன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் புழங்கும் கட்டடத்தில் அதை இரண்டு இலை விட்டதுமே பிடுங்கி எறிந்திருப்பார்கள். பூட்டிய கட்டடத்தில் அதன் வேர் காரையைப் பிளந்து செங்கல்லுக்குள் இறங்கி, சுவரையே நெம்பிவிடும். அதே சாலையில் 1904ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைப் பாருங்கள். தினமும் கதவு திறக்கிறது. எங்காவது ஒழுகினால் மறுநாள் காலையே யாராவது கவனித்துவிடுகிறார்கள்.

பழைய கட்டடம் இக்காலப் பயன்பாட்டுக்கு ஒத்துவராது என்பதை நான் ஏற்கவில்லை. வணிகக் கட்டடம் அல்ல என்றாலும், சேப்பாக்கம் கலச மகாலே இதற்குச் சான்று. 2012இல் தீயில் கருகிய அந்த மாளிகையைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. இத்தகைய வேலைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்.

என் கருத்து இதுதான்: பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கடைகளுக்கும் மேல்தளங்களை அலுவலகங்களுக்கும் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, லிஃப்ட், கழிப்பறை, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றைப் பின்புறம் தனி இணைப்பாகக் கட்டலாம். உயரமாகக் கட்ட முடியாததால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பை அரசு வேறு வகையில் ஈடுசெய்ய வேண்டும். அந்தச் சுமை முழுவதையும் அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. இவற்றைப் பேசி முடிக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஒவ்வோர் ஐப்பசி மழைக்கு முன்பும் கூரையை அடைத்து, முளைத்த கன்றுகளை வேரோடு எடுக்க நாலு கொத்தனார்களையாவது அங்கே அனுப்புங்கள்.